சங்கம் எதற்கு? தொழிலிலும் ஊரிலும் சேர்ந்து நிற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சங்கம், டாக்டர்கள் சங்கம், வக்கீல்கள் சங்கம், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று நம் ஊர்களில் சங்கப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் சேரலாமா வேண்டாமா என்று தயங்குபவர்கள்தான் அதிகம். சேர்ந்து சலித்துப்போனவர்களும் நிறைய. பல ஆண்டுகளாகச் சங்க வேலைகளில் இருப்பதால் என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு நிலவரம்தான்.

எனக்கு நல்ல வேலை இருக்கிறது, சம்பளமும் சரியாக வருகிறது. எனக்கு எதற்குச் சங்கம்?

வேலையிடத்தில் இன்று நாம் இயல்பாக அனுபவிக்கும் பல வசதிகள் யாரோ சேர்ந்து நின்று கேட்டதால் வந்தவை. சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் இருந்தன. அந்தத் தொழிலாளிகளுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. உறுப்பினர், சந்தா, நிர்வாகிகள் என்று முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள். பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். அவர்கள் முதலில் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்பது. இவ்வளவுதான் கேட்டார்கள். இதையே ஒரு தொழிலாளி தனியாகப் போய் மேஸ்திரியிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

இரண்டே ஆண்டுகளில் சிக்கல் வந்தது. 1920இல் ஆலையில் கதவடைப்பு. தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சொல்லி, வாடியா மீதும் மற்ற நிர்வாகிகள் மீதும் நஷ்ட ஈடு கேட்டு நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகத் தடை உத்தரவு கொடுத்தது. சங்கத்தோடு தனக்கு இனி தொடர்பில்லை என்று வாடியா விலகிக்கொண்ட பிறகே வழக்கு கைவிடப்பட்டது. சங்கத் தலைவராக இருந்ததற்கே ஒருவர் கோர்ட் ஏற வேண்டும் என்றால் இனி யார் முன்வருவார்கள்? 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கோரித் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறில் பதிவு பெற்ற சங்கத்தின் மீதும் நிர்வாகிகள் மீதும் இந்த வகை வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அப்படி வந்ததுதான்.

எல்லாம் நன்றாக இருக்கும் காலத்திலேயே சேருங்கள் என்பதுதான் என் பதில். பணிநீக்க நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு சங்க அலுவலகத்தைத் தேடி ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கம் உதவத்தான் செய்யும். ஆனால் அவரை அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது, அவர் வேலை செய்யும் பிரிவில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அது நூறு வருஷத்துக் கதை. இப்போதும் சங்கம் வைப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். 2024 செப்டம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால் எல்லோர் வாயிலும் இருந்தது, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், எங்கள் சங்கத்தோடு பேசுங்கள் என்பதுதான். பதிவுக்காக உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(c) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகத் தந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், பதிவு எண் ஒன்றுக்காக இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது.

பதிவும் அங்கீகாரமும் ஒன்றுதானா?

இல்லை, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பதிவு என்பது அரசு தருவது. அதன் பிறகு சங்கம் சட்டத்தின் கண்ணில் ஓர் அமைப்பு. அங்கீகாரம் என்பது, உங்கள் சார்பில் பேச வந்தவர் இவர்தான் என்று நிர்வாகம் ஏற்பது. பழைய சட்டப்படி பதிவு பெற்ற சங்கத்தோடு நிர்வாகம் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால் குறைந்தது 51 சதவீதத் தொழிலாளர்களைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரிய ஒரே சங்கம் என்று வைத்திருக்கிறார்கள். இனி உறுப்பினர் எண்ணிக்கை முன்பைவிடப் பெரிய விஷயம். சிறிய சங்கங்கள் ஓரங்கட்டப்படும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

பார் கவுன்சில் இருக்கும்போது வக்கீல்களுக்குத் தனியாகச் சங்கம் எதற்கு?

இரண்டின் வேலையும் வேறு. பார் கவுன்சில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி அமைந்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்வது, தவறு செய்தால் விசாரித்துப் பெயரை நீக்குவது வரை அதன் அதிகாரம். அதில் சேராமல் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞர் சங்கம் என்பது விருப்பப்பட்டு ஒன்று சேர்வது. உங்கள் உரிமத்தை அது பறிக்க முடியாது. நூலகம் நடத்துவது, ஜூனியர்களுக்கு வகுப்பு எடுப்பது, நீதிமன்ற வளாகத்தில் கழிப்பறை இல்லை என்று பேசுவது எல்லாம் சங்கத்தின் வேலை. மருத்துவத்திலும் இப்படித்தான். தேசிய மருத்துவ ஆணையம் சட்ட அமைப்பு, 1928இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கம் டாக்டர்கள் தாங்களாகச் சேர்ந்தது.

சங்கத்தின் குரல் சில நேரம் தொழிலைத் தாண்டியும் போகும். நீதிமன்றங்களின் வேலையைத் தீர்ப்பாயங்களுக்கு மாற்றும்போது அவை அரசின் பிடிக்குள் போய்விடக் கூடாது என்று மெட்ராஸ் பார் அசோசியேஷன் திரும்பத் திரும்ப உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. 2014இல் தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டத்தையே நீதிமன்றம் செல்லாது என்றது அந்தச் சங்கம் தொடுத்த வழக்கில்தான். அதனால் பலனடைந்தவர்களில் வக்கீல்கள் ஒரு சிறு பகுதி. வழக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் இந்தச் சங்கங்கள் தங்கள் ஆட்களைக் காப்பாற்றத்தானே இருக்கின்றன?

இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மருத்துவச் சேவை அதில் வராது என்று இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1995இல் தீர்ப்பு வந்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது நீதிமன்றம். தவறான சிகிச்சையால் பாதிக்கப்பட்ட ஏராளமான நோயாளிகளுக்கு அந்தத் தீர்ப்புதான் வழி திறந்தது. அதைத் தடுக்கப் பார்த்த பக்கத்தில் ஒரு பெரிய தொழில்முறைச் சங்கம் நின்றது.

வணிகர் சங்கங்களிலும் இது நடக்கும். எங்களிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்காமல் எந்தக் கம்பெனியும் புதிய விநியோகஸ்தரை நியமிக்கக் கூடாது என்று மருந்து வணிகர் சங்கங்கள் நடைமுறை வைத்திருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று உத்தரவு போட்டது. வியாபாரிகள் கூடிப் பேசலாம், வரிச் சுமையைக் குறைக்கச் சொல்லிப் போராடலாம். விலையைத் தங்களுக்குள் முடிவு செய்வதும் புதியவரை உள்ளே விடாமல் தடுப்பதும் சட்டவிரோதம்.

நான் ஒரு சங்கத்தை எடைபோட ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன்: வெளியே இருப்பவருக்கு இந்தச் சங்கத்தால் ஏதாவது நல்லது நடந்திருக்கிறதா? டாக்டர்கள் சங்கம் நோயாளிக்காகவும் ஆசிரியர் சங்கம் மாணவருக்காகவும் எப்போதாவது தெருவுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்தச் சங்கம் சொல்வதை ஊர் காது கொடுத்துக் கேட்கும். வராத சங்கம் தன் சொந்தக் கோரிக்கைக்காக நிற்கும்போது பொதுமக்கள் துணைக்கு வருவதில்லை.

முதலாளி என்று ஒருவர் இல்லாத தொழிலில் சங்கம் யாரோடு பேசும்?

கட்டட வேலையில் இன்று ஒரு இடம், நாளை ஒரு இடம். மேஸ்திரி மாறுவார், உரிமையாளர் மாறுவார். இவர்களுக்கு எப்படி ஓய்வூதியம், விபத்து உதவி? தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் இதற்கு அரசைப் பார்த்துத்தான் பேசின. கட்டடம் கட்டுபவரிடம் ஒரு தொகையை வாங்கி, அதிலிருந்து தொழிலாளிக்குச் செய்யுங்கள் என்பது கோரிக்கை. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பிறகு ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர், சலவை, முடிதிருத்தம், தையல் என்று வாரியங்கள் வந்தன. பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் உதவி கிடைக்கிறது. ஆனால் பதிவைப் புதுப்பிக்கத் தவறியதாலேயே உதவி கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாரிய அட்டையைப் புதுப்பித்துக் கொடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்யும் சங்க ஊழியர்களை எனக்குத் தெரியும். மேடையில் அவர்கள் பெயர் வருவதில்லை.

வேலைநிறுத்தம் செய்வது உரிமைதானே?

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் அப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே வங்கி ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. தொழில் சட்டம் சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கிறது, அவ்வளவே. அரசு ஊழியர்கள் நிலைமை இன்னும் கடினம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கியது. அந்த வழக்கில் ஆகஸ்ட் மாதம் வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். தார்மீக உரிமை இல்லை என்ற அந்த வரியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான். உங்கள் சங்கத்தில் யாராவது "ஒன்றும் ஆகாது, வாருங்கள்" என்று சொன்னால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெருவில் குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. அதற்கு ஏதாவது அதிகாரம் உண்டா?

சட்ட அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. தெருவுக்குக் கேட் போடவோ, காய்கறி வண்டிக்காரரை வராதே என்று சொல்லவோ அதற்கு உரிமை இல்லை. சில சங்கங்கள் இதை மறந்துவிடுகின்றன. அதிகாரம் உள்ள இடம் வேறு. கிராமத்தில் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. நகரத்தில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. அங்கே வாக்காளர் எல்லோரும் சமம், சந்தா கட்டியவர் கட்டாதவர் என்ற பேதம் இல்லை.

நல்ல தெருச் சங்கம் என்ன செய்யும் என்றால், அந்தச் சபைக்குப் போகும் முன் வீட்டுப்பாடம் செய்யும். எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை, எந்தச் சந்தில் மழைநீர் வடிகால் அடைத்திருக்கிறது என்று தேதியோடு எழுதிக்கொண்டு போகும். திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை ரசீதைப் பத்திரமாக வைக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. அதனால் சங்கத்தின் பெயரில் போடுவதைவிட நிர்வாகி ஒருவர் தன் பெயரிலேயே போட்டுவிடுவது நல்லது. நிராகரிக்க ஒரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

இப்படி மனு எழுதி ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, அதுவும் நாடு முழுவதற்கும். பாலாற்றின் கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஆலைகள். கழிவு நீர் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991இல் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. ஐந்து ஆண்டுகள் நடந்து 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அதில் சொன்னது. ஆலைகளுக்கு அபராதம், இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தனி அமர்வு என்று உத்தரவுகள் தொடர்ந்தன. இன்று இந்தியாவில் எங்கே மாசு வழக்கு நடந்தாலும் வேலூர் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்தத் தீர்ப்பைப் படித்தால் எனக்குப் பிடித்த ஒரு பகுதி வரும். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையக் கணக்குப்படி ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று அழுதுகொண்டிருந்தால் அது புலம்பல். எத்தனை கிணற்றில் எத்தனை என்று எண்ணிச் சொன்னால் அது சாட்சியம். சங்கத்தால்தான் இதைச் செய்ய முடியும். தனி ஆளுக்கு 467 கிணறு பார்க்க நேரம் ஏது?

பாலாறு அதனால் சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றுக்காக, இதே தோல் ஆலைக் கழிவுக்காக உத்தரவு போட வேண்டி வந்தது. தீர்ப்பு வாங்கிய பிறகு அதை நிறைவேற்ற வைக்கவும் ஆள் வேண்டும். அதற்கும் சங்கம்தான் தேவைப்படுகிறது.

சங்கம் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும். நோக்கங்களைச் சொல்லும் ஆவணம் ஒன்று, துணைவிதிகள் ஒன்று. இரண்டையும் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சங்கத்துக்குத் தனிச் சட்டம், தொழிலாளர் துறையில் பதிவு. அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கு 2022இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது.

துணைவிதிகளைக் கடைக்காரரிடம் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டாதீர்கள். உறுப்பினராக யாருக்குத் தகுதி, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும், பணம் எடுக்க யார் யார் கையெழுத்து என்ற மூன்றையும் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த மூன்றில்தான் வரும்.

பதிவு செய்யாமலே நடத்தக் கூடாதா?

சிறிய அளவில் நடத்தலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் உறுப்பினரோ வரவு செலவோ போனால் பதிவு கட்டாயம். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவதும் வழக்குப் போடுவதும் எளிது. நுகர்வோர் ஆணையத்தில் உறுப்பினருக்காகப் புகார் கொடுப்பதற்கும் பதிவு பெற்ற தன்னார்வ நுகர்வோர் அமைப்பாக இருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் கணக்குக் கேட்டால் "நம்பிக்கை இல்லையா" என்கிறார்கள். என்ன செய்வது?

நம்பிக்கை இருப்பதால்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கேளுங்கள். நான் பார்த்தவரை சங்கங்கள் உடைவதற்குக் கொள்கை வேறுபாடு அவ்வளவாகக் காரணமாவதில்லை, கணக்குதான் காரணமாகிறது. பெரும்பாலும் யாரும் திருடியிருக்க மாட்டார்கள். பொருளாளர் நல்ல மனிதர், தன் கைப்பணத்தைப் போட்டுச் செலவு செய்திருப்பார், ரசீது வைத்திருக்க மாட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் கேட்கும்போது அவருக்கே நினைவிருக்காது. அவமானப்பட்டு விலகிவிடுவார். ஒரு நல்ல ஊழியரைச் சங்கம் இழந்துவிடும்.

மாதா மாதம் ஒரு பக்கக் கணக்கை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கையிருப்பு. இவ்வளவு போதும். ஆண்டு நிறைவு விழாவுக்குப் பந்தல், சால்வை, பிரியாணி என்று சந்தாப் பணத்தில் பாதியைக் கரைக்கும் பழக்கத்தையும் இந்த ஒரு பக்கம் குறைத்துவிடும். கேட்டும் தரவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம்.

இருபது வருஷமாக ஒரே தலைவர். மாற்றவே முடியாதா?

செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதன் பிறகு தேர்தல் வைக்க வேண்டும். மறுபடி அவரே வரத் தடை இல்லை. துணைவிதியில் இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்று சேர்க்கலாம், அதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆனால் அந்தத் தலைவரைத் திட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். தேர்தல் அன்று "வேறு யாராவது?" என்று கேட்டபோது எத்தனை கை உயர்ந்தது? பல இடங்களில் அவர் இறங்க மறுக்கவில்லை, ஏற ஆளில்லை.

யாரையெல்லாம் சேர்க்க வேண்டும்?

இதற்கு மறுபடி பெரம்பூருக்குப் போக வேண்டும். 1921இல் அதே ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மாதக்கணக்கில் கலவரம் நடந்தது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைநிறுத்தமும் தோற்றது. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. பிளவு முன்பே இருந்ததால்தான் பயன்படுத்த முடிந்தது என்பதும் உண்மை. கடனில் வாழும், ஊரில் நிலமில்லாத ஒருவருக்குப் பல மாதம் சம்பளமில்லாமல் இருப்பது மற்றவரைவிட எத்தனை கடினம் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இன்றைக்கு இதே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. நிரந்தரத் தொழிலாளர் சங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடம் உண்டா? வட மாநிலத்திலிருந்து வந்து பக்கத்து மெஷினில் நிற்பவருக்கு அவர் மொழியில் துண்டறிக்கை உண்டா? குடியிருப்போர் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் ஆகலாமா, அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அம்மா உட்கார ஓர் இடம் உண்டா? வாடகைக்காரரை வெளியே வைக்கும் சங்கங்கள் நிறைய. தண்ணீர்ப் பஞ்சம் அவருக்கும்தானே வருகிறது?

பெண்கள் ஏன் நிர்வாகத்துக்கு வருவதில்லை?

கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்? இரவு எட்டு மணிக்கு, டீக்கடைக்கு மாடியில் என்றால் யார் வருவார்கள்? ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை அழைத்து வரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

பெண்களுக்குச் சங்க அனுபவம் இல்லை என்பது தவறு. 1917 மே மாதம் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மாண்டேகுவையும் வைஸ்ராயையும் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. சொத்துத் தகுதி உள்ளவர்களுக்குத்தான், என்றாலும் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். அந்தச் சங்கத்தில் இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் போய் அதன் துணைத்தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்கே தொடங்கிய வேலை 1947இல் சட்டமாக முடிந்தது.

கட்சி சார்ந்த சங்கத்தில் சேரலாமா?

தமிழ்நாட்டில் பெரிய தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சியோடு நெருக்கமானவை. அதனாலேயே ஒதுங்க வேண்டியதில்லை. வழக்கறிஞர், அலுவலகம், மற்ற ஊர்களின் ஆதரவு என்று பல வசதிகள் அதோடு வருகின்றன. ஆளுங்கட்சி அவர்களுடையதாக இருக்கும்போது சங்கம் எப்படி நடந்துகொண்டது என்று மட்டும் விசாரியுங்கள். அப்போதும் பேசியிருந்தால் தாராளமாகச் சேரலாம்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?

செய்தி சொல்ல அது போதும். முடிவெடுக்கப் போதாது. குழுவில் கட்டைவிரல் போட்டவர் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டவர் ஆக மாட்டார். மினிட்ஸ் புத்தகத்தில் என்ன தீர்மானம், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்திலும் நிற்கும். அப்புறம் இன்னொன்று: குழுவில் சண்டை போட்டுக்கொள்ளும் இருவரை நேரில் எதிரெதிரே உட்கார வைத்தால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதலில் என்ன செய்யட்டும்?

துணைவிதிகளின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். போன ஆண்டு வரவு செலவையும் கடைசி மூன்று கூட்டங்களின் மினிட்ஸையும் படியுங்கள். முதல் கூட்டத்திலேயே எழுந்து குறை சொல்ல வேண்டாம், யார் என்ன வேலையை இழுத்துச் செய்கிறார் என்று கவனியுங்கள். பிறகு ஒரு சின்ன வேலையை நீங்களாகக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் போன் நம்பர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று அலுவலகத்தில் விசாரித்து எழுதி வைப்பது போன்ற வேலைகள் எல்லாச் சங்கத்திலும் ஆளில்லாமல் கிடக்கின்றன. அடுத்த பொதுக்குழு எந்தத் தேதி என்று செயலாளரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், ஒரு தேதி குறிக்கச் சொல்லுங்கள்.